துறைமுகம் தோண்டிய ஊரில் ஒரு திருமலைக்காரன்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதிய தம்பி, "கல்லூரி நினைவுகளோட டுபாயையும் எழுதுங்கோ அண்ணை, அங்கே இருந்த எங்கட ஆக்கள் கனபேர், ஒருத்தரும் எழுதேல்லை" என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது உண்மை. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன எங்கள் வகுப்புத் தோழர்களுக்கு அங்கேயே வீடும் பேரப்பிள்ளைகளும் உண்டு. வளைகுடாவுக்குப் போன எங்களுக்கு வேலை இருக்கும்வரைதான் விசா. வேலை முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் பழைய டுபாயைக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் இப்போது டுபாயில் இல்லை. உவர்மலையிலும் பாலையூற்றிலும் மன்னாரிலும், கடல் தாண்டிக் கேரளத்திலும் கராச்சியிலும் இருக்கிறார்கள்.

திருகோணமலை என்கிற எங்கள் திருமலையில் அப்படித் திரும்பி வந்த நாங்கள் சிலர் பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில் கூடுவோம். ஒருவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஒருவர் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுத்தவர். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அக்கா ஒருவர் கணவரோடு நடக்க வந்தால், அவரும் நின்று கதைப்பார். அக்கரையில் சீனக்குடாப் பக்கம் பிறீமா மா ஆலையின் விளக்குகள் எரியத் தொடங்கும். கதை எங்கே தொடங்கினாலும் டுபாயில்தான் போய் நிற்கும்.

இங்குள்ள பிள்ளைகளிடம் டுபாய் என்றால் எண்ணெய் என்கிறார்கள். மண்ணுக்குள் எண்ணெய் கிடைத்தது, காசு வந்தது, கோபுரங்கள் எழும்பின. அவர்களுக்கு அவ்வளவுதான் கதை. நான் கேட்கிற ஒவ்வொரு தடவையும் இதை மறுத்துச் சொல்கிறேன். அந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தியது துறைமுகம். அந்தத் துறைமுகத்தைக் கடவுள் கொடுக்கவில்லை, அவர்களே தோண்டினார்கள். திருமலையில் பிறந்தவனுக்கு இது சாதாரண செய்தியல்ல.

இந்துக் கல்லூரியில் எங்கள் புவியியல் ஆசிரியர் கரும்பலகையில் இலங்கையின் கீழ்க்கரையை ஒரே இழுப்பில் வரைவார். கொட்டியாரக்குடா வரும் இடத்தில் சோக்கட்டியை உள்ளே வளைத்து, இன்னும் உள்ளே வளைத்து உட்துறைமுகத்தைக் காட்டுவார். கரையோடு ஒட்டிய ஆழம், சுற்றிவர மேடு, புயற்காற்றுக்கு மறைப்பு. "உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்து படிக்கிறீர்கள்" என்பார். அந்த வசனத்தைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நிற்பார். நாங்களும் நிமிர்ந்து உட்காருவோம். என் அப்பா டொக்யாட்டில், கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்தில், வேலை செய்தவர். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது நான் குழந்தை. போர்க்கப்பல்கள் வரிசையாக நின்ற காலத்தை அப்பா சொல்லக் கேட்டதுதான். நான் வளர்ந்த காலத்தில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வெறுமனே கிடந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் அனேகமானவை காட்டுக்குள் துருப்பிடித்து நின்றன.

1979 கடைசியில் டுபாய் போய் இறங்கினேன். றஷீத் துறைமுகத்தில் சரக்கு எண்ணிப் பதியும் வேலை. சீமெந்து, மரம், வெங்காயம், கார் என்று நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு வயதான அரபுக்காரர் இருந்தார். இளம் வயதில் பாய்க்கப்பலில் போனவர், தமிழ் தெரியாது, ஆனால் மலையாளிகளோடு பழகியதில் இந்தியும் மலையாளமும் கலந்து கதைப்பார். நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "திரிங்கோமலி? அங்கே கடல் ஆழமாமே, தோண்டவே தேவையில்லையாமே" என்றார். இலங்கையைத் தெரியாதவர்கள்கூட இருந்த அந்த ஊரில் எங்கள் துறைமுகத்தை அறிந்த ஒரு மனிதர்!

அவர்தான் கிறீக்கின் கதையைச் சொன்னார். டேராவுக்கும் பர் டுபாய்க்கும் நடுவில் பாம்புபோல் உள்ளே போகிற அந்தக் கடற்கழி அவர் சிறுவயதில் மணல் தூர்ந்து கிடந்ததாம். கப்பல்கள் வெளியே கடலில் நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் மாற்றிக் கொண்டுவர வேண்டும். வற்றுநீரில் அந்தப் படகும் தரைதட்டும். 1950களின் கடைசியில் டுபாயின் ஆட்சியாளர் ஷேக் றஷீத் குவைத்திடம் கடன் வாங்கி அந்தக் கழியைத் தோண்டுவித்தார். அந்த நேரம் டுபாயில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. 1966 இல்தான் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. முதலில் கடனுக்குத் தோண்டினார்கள், பிறகுதான் எண்ணெய். இந்த ஒழுங்கை எங்கள் பிள்ளைகள் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1972 இல் றஷீத் துறைமுகம் திறந்தது. நாலு கப்பல் நிறுத்தும் அளவுக்கென்று திட்டம் போட்டு, கட்டக் கட்ட அதைப் பதினாறாக்கினார்கள். நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1979 பெப்ரவரியில், எலிசபெத் மகாராணி வந்து ஜெபல் அலி துறைமுகத்தைத் திறந்துவைத்துப் போயிருந்தார். நகரத்திலிருந்து 35 கிலோமீற்றர் அளவில் தள்ளி, மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத கரையில் 66 கப்பல் நிறுத்தக்கூடிய துறைமுகம். மனிதர் செய்த துறைமுகங்களில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். ஒருநாள் லொறியில் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் தரிப்பிடங்கள். இவ்வளவு காசை மணலில் கொட்டிவிட்டார்களே என்று அன்று லொறியில் இருந்த எல்லோரும் கதைத்தார்கள். 1985 இல் அங்கே வரியில்லாத வர்த்தக வலயத்தைத் தொடங்கிய பின்னர்தான் கப்பல்கள் வரத் தொடங்கின. எங்களோடு கூடும் பாரந்தூக்கி அண்ணை பின்னாளில் அங்கேதான் வேலை செய்தார். "வெறும் கரையாப் பார்த்த இடம், பிறகு எனக்கு ராத்திரியில கூட ஓய்வு தரேல்லை" என்பார்.

அந்த நாள் டுபாய் எவ்வளவு சிறியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1968 இல் எடுத்த கணக்கில் 60,000 பேர்கூட இல்லை. இன்று 35 இலட்சத்துக்கு மேல். நான் போன வருடம் 39 மாடி வர்த்தக மையம் தன்னந்தனியே மணலுக்குள் நின்றது. அதற்கு அப்பால் அபுதாபி வீதி. வீதியை ஒட்டகம் கடந்தால் வாகனம் நிற்கும். பிறகு வந்த 100 திர்ஹம் தாளில் அந்தக் கட்டடத்தின் படம் இருக்கும், அதை நாங்கள் வீட்டுக்கு அனுப்பும் படங்களிலும் பின்னணியாக வைப்போம். இன்று அதே வீதி ஷேக் சயீத் வீதி, இரண்டு பக்கமும் கோபுரங்கள். வர்த்தக மையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வாழ்க்கை கிறீக்கின் இரண்டு கரைகளிலும்தான் நடந்தது. ஆப்ரா என்கிற மரப்படகில் 50 பில்ஸ் கொடுத்து அக்கரை போவோம்; இப்போது ஒரு திர்ஹம். அந்தப் பழைய நகரத்தில் மாறாமல் மிஞ்சிய மிகச் சில விடயங்களில் இந்தப் படகும் ஒன்று. பர் டுபாயில் துணிக்கடைகளைத் தாண்டி, பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், படியேறிப் போகிற கோயில் இருந்தது. ஒழுங்கையில் பூவும் தேங்காயும் விற்பார்கள், பாங்கு சொல்லும் நேரம் கோயில் வரிசையில் நிற்போம். ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. கோணேசர் மலையில் நின்று கும்பிட்ட எங்களுக்கு அந்தச் சின்ன மாடியில் சிவனைக் கண்டதும் வரும் ஆறுதலை எழுத எனக்குத் தெரியவில்லை. 2022 ஒக்ரோபரில் ஜெபல் அலியில் பெரிய கோயில் திறந்தார்கள், 2024 தொடக்கத்தில் பழைய சிவன் கோயிலும் அங்கே போய்விட்டது. புதிய கோயில் அழகானது, இடவசதியானது, தேர்த் திருவிழாக் கூட்டத்தையும் தாங்கும். ஆனாலும் அந்த ஒழுங்கையை நினைத்துத் தாதி அக்கா இன்னும் கண் கலங்குவார்.

கோடை வெயிலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் தண்ணீரைப் பற்றித்தான் கதைப்போம். மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து வருகிற பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கன்னியா ஊற்றுக் கிணறுபோலக் கொதிக்கும். அதனால் வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குளியலறைக்குள் நிழலில் இருக்கும் அந்தத் தொட்டித் தண்ணீரைக் குளிர்நீராகப் பாவிப்போம். குளிர்நீருக்குச் சிவப்புக் குமிழ், வெந்நீருக்கு நீலக் குமிழ். புதிதாக வந்த பெடியனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான்.

பிறகு ஓய்வுநாள். முதலில் வெள்ளி மட்டும். பிறகு பல இடங்களில் வியாழனும் வெள்ளியும், 2006 இல் வெள்ளியும் சனியும், 2022 இலிருந்து சனியும் ஞாயிறும். டேராவின் சப்காப் பக்கம் வெள்ளிப் பின்னேரங்களில் ஊர் ஊராகக் கூடி நிற்பார்கள். ஊரிலிருந்து ஆள் வந்திருந்தால் அங்கேதான் பிடிக்கலாம். கடிதம், காசு, கத்தரிக்காய் வற்றல் எல்லாம் கைமாறும்.

கடிதம் என்றேன். வீட்டு முகவரிக்குத் தபால் வராத நகரம் அது. கொம்பனியின் தபால்பெட்டி இலக்கத்துக்குத்தான் வரும். 1983 க்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கவே கை நடுங்கும். திருமலையில் எந்தத் தெரு எரிந்தது, யார் வீட்டை விட்டுப் போனார்கள், யாரைக் காணவில்லை என்று வரும். 1990 இல் பல மாதங்கள் ஒன்றுமே வரவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதுவது பிடிக்காது, கசற்றில் பேசி அனுப்புவார். ஊர் நிலைமை, அம்மாவின் சுகம், எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் ஒரு கேள்வி: "தம்பி, உங்கட துறைமுகத்தில இப்ப எத்தனை கப்பல் நிக்குது?" நானும் எண்ணிச் சொல்வேன். எண்ணுவதுதானே என் தொழில். இருபது, முப்பது என்று என் கசற்றில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். டொக்யாட்டில் கப்பல் பார்த்த மனிதர், ஆழக்கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணலில் தோண்டிய துறைமுகத்தின் கப்பல்களைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

போர்தான் எங்கள் துறைமுகத்தை முடக்கியது என்று சொல்வது முழுக்கச் சரியல்ல என்பது என் எண்ணம். போருக்கு முன்பே அது முடங்கிக் கிடந்தது. அதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் தருகிற இடமாக யாரும் நினைத்துச் செயற்படவில்லை. போர் அந்த அலட்சியத்தின் மேல் பூட்டுப் போட்டது.

2000 க்குப் பிந்திய டுபாய் இன்னொரு வேகம். 2001 இல் கடலுக்குள் ஈச்சமர வடிவில் தீவு கட்டத் தொடங்கினார்கள். மின்கம்பிக் கூட்டாளி அங்கே வேலை செய்தவர். பாலைவன மணல் காற்றில் உருண்டு வழுவழுத்திருப்பதால் ஒன்றோடொன்று பிடிக்காதாம். சுற்றிவர மணலை வைத்துக்கொண்டு கடலடி மணலை உறிஞ்சி வாரி இறைத்தார்கள் என்று அவர் விவரிக்கும்போது நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து கேட்போம். நகரத்துச் சத்வாப் பகுதியின் பழைய தாழ்ந்த வீடுகளில் பல இடிபட்டன. 2010 ஜனவரியில் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாக் கோபுரத்தைத் திறந்தார்கள். என் துறைமுகம் மெல்லமெல்ல ஓய்ந்தது. சரக்குக் கப்பல்கள் ஜெபல் அலிக்குப் போக, நான் சரக்கு எண்ணிய துறைமுகத்தில் இப்போது குவீன் எலிசபெத் 2 கப்பல் விடுதியாக நிற்கிறது.

2009 செப்ரெம்பர் 9 அன்று டுபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் 20 ஆந் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், இலங்கையின் நீளமான பாலம். மெட்ரோவில் ஏறிய சந்தோசத்தை விடத் தொலைபேசியில் அந்தச் செய்தியைக் கேட்ட சந்தோசம் எனக்குப் பெரிது. பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் கரையில் காத்துக்கிடந்து, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களைக்கூட அப்படிக் காத்திருக்க வைத்த ஊர் எங்களுடையது.

டுபாய் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் கோபுரங்களுக்குச் சீமெந்து குழைத்தவர்கள் சோனாப்பூர் முகாம்களில் ஓர் அறையில் எத்தனை பேர் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களில் சிலர் எங்கள் ஊர்ப் பெடியன்கள். 2024 ஏப்ரல் 16 அன்று 75 ஆண்டுகளில் காணாத மழை கொட்டி விமான நிலைய ஓடுபாதையே வெள்ளத்தில் நின்றதைத் தாதி அக்காவின் மகன் படம் பிடித்து அனுப்பினார். தண்ணீர் வடிய வழி வைக்காமல் கட்டிய நகரம்.

இப்போது கேட்பது ஒன்று. சங்கம் ஒவ்வொரு வருடமும் கல்லூரிக்குப் புலமைப்பரிசில் காசு அனுப்புகிறது. அதில் ஒரு பங்கை கப்பல்துறை, துறைமுக நிர்வாகம், சரக்கு அனுப்புதல் படிக்கப் போகும் மாணவர்களுக்கென்று ஒதுக்க முடியுமா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் இருப்பவர்கள் வகுப்புக்கு வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லவும் தயார்; பாரந்தூக்கி அண்ணை இப்போதே குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். இன்னொன்று, உங்கள் அலுமாரிகளில் 1990 க்கு முந்திய டுபாய்ப் படங்கள் இருந்தால், பின்பக்கத்தில் இடமும் ஆண்டும் எழுதி மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். கிறீக், றஷீத் துறைமுகம், கோயில் ஒழுங்கை, சப்கா, எது என்றாலும் பரவாயில்லை. ஜெபல் அலியின் வெறும் தரிப்பிடங்களைப் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் அதை அனுப்புங்கள்.