ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில்: மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள்

கார் சர்வீஸ் பில் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். தொகையைப் பார்த்துவிட்டு "ஏதாவது குறைச்சுப் போடுங்க சார்" என்று கேட்போம். வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரும் ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருவார். அந்தத் திருப்தியில் மேலே உள்ள வரிகளைப் படிக்காமலே பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நம் பணம் அதிகமாகப் போவது அந்த வரிகளில்தான். அதிலும் பாதி, வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டிலேயே முடிவாகிவிடுகிறது.

அதனால் பில்லை விட ஜாப் கார்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். பதிவு எண், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி, மேட், ஏற்கெனவே இருக்கிற கீறல்கள் எல்லாம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முக்கியமான இடம், வாடிக்கையாளர் சொன்ன குறைகளை எழுதும் பகுதி. அங்கே 'ஜெனரல் செக்கப்', 'பிரேக் வேலை', 'சஸ்பென்ஷன் சத்தம் பார்க்கவும்' என்று பொதுவாக எழுத விட்டால், எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். நோயை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். அறிகுறியை மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள்: 'நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே பிரேக் பிடித்தால் முன்பக்கம் இடதுபுறம் கிறீச் சத்தம்', 'வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலது முன்சக்கரத்தில் டக் என்ற சத்தம்.' இப்படி எழுதியிருந்தால், பின்னால் நான்கு சக்கரத்துக்கும் பில் வரும்போது கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இன்னும் மூன்று வரிகளை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் போகும் எந்த வேலைக்கும் வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். புதிய பாகங்களின் அட்டைப்பெட்டிகளையும் காட்ட வேண்டும். காலியாக உள்ள வரிகளில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டு, அப்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பல சர்வீஸ் சென்டர்களில் டேப்லெட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். திரையில் தெரிவது கையெழுத்துப் பெட்டி மட்டும் என்றால், மேலே நகர்த்தி முழுவதையும் படித்த பிறகே விரலை வையுங்கள்.

எஸ்டிமேட்டில் முதலில் பார்க்க வேண்டியது, பாகத்தின் பெயருக்குப் பின்னால் 'அசெம்பிளி' என்று இருக்கிறதா என்பது. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் தேய்ந்தது புஷ் என்ற ரப்பர் உருளை மட்டும் என்றால், புஷ்ஷை அழுத்திப் பொருத்துவது ஒரு விலை, முழு ஆர்ம் அசெம்பிளி வேறு விலை. சில மாடல்களுக்கு நிறுவனமே புஷ்ஷைத் தனியாகத் தருவதில்லை, அப்போது அசெம்பிளி போடுவது நியாயம்தான். எது உண்மை என்று தெரிய பாக எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்தால் நிறுவனத்தின் இணையதளத்திலோ பூட்மோ போன்ற உதிரிபாகத் தளங்களிலோ தட்டிப் பார்த்து விலையையும், உட்பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் அறிந்துகொள்ளலாம். பாக எண் இல்லாத எஸ்டிமேட்டை ஏற்காதீர்கள். பிற்பாடு அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்கவும் பில்லில் அந்த எண் இருந்தாக வேண்டும்.

அடுத்தது லேபர். ஒரு வேலைக்காக ஏற்கெனவே கழற்றியதற்கு இன்னொரு முறை கூலி போடுவதுதான் எளிதில் கண்ணில் படாத கூடுதல். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கிவிட்டால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் எல்லாமே கைக்கு எட்டிவிடும். பில்லில் 'கிளட்ச் ஓவரால்' ஒரு வரியாகவும், 'கியர்பாக்ஸ் கழற்றி மாட்டுதல்' இன்னொரு வரியாகவும், 'ரிலீஸ் பேரிங் மாற்றுதல்' முழுக் கூலியோடு மூன்றாவது வரியாகவும் வந்தால் ஒரே உழைப்புக்கு மூன்று முறை பணம் கேட்கிறார்கள். ஆயில் சீலுக்கு மட்டும் சிறிய கூடுதல் கூலி நியாயம். முன் பம்பரைக் கழற்றுவதிலும் இப்படித்தான்: ஹெட்லைட்டுக்கு ஒரு முறை, ரேடியேட்டருக்கு ஒரு முறை, பெயிண்டுக்கு ஒரு முறை. "இந்த வேலைக்கான நேரக் கணக்கில் கழற்றி மாட்டுவதும் சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். கார் நிறுவனங்கள் ஒவ்வொரு வேலைக்கும் நிலையான நேரம் நிர்ணயித்திருக்கின்றன. அதை மணிக்கூலியால் பெருக்கித்தான் லேபர் வருகிறது, அதனால் இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் உண்டு.

வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளை ஸ்கேன் செய்ததற்குத் தனிக் கட்டணம் போட்டால் தவறில்லை. அதன் அச்சுப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். குறியீடு சுட்டுவது எங்கே தேட வேண்டும் என்பதைத்தான், எதை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. பி0420 என்ற குறியீடு வந்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விட்டது என்று உடனே எஸ்டிமேட் போடுவார்கள். சைலன்சர் குழாயில் கசிவு, பழுதான ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றாலும் அதே குறியீடு வரும். அவற்றைச் சோதித்தார்களா என்று கேட்காமல் கன்வர்ட்டருக்கு ஒப்புதல் தராதீர்கள்.

பில் கையில் வந்தால் ஒரே ஒரு பெருக்கல் போதும். பாகங்களின் எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். பில்லில் பாகத்துக்குப் போடுகிற விலை வரிக்கு முந்தையது. ஆகவே அந்த விலையை 1.18 ஆல் பெருக்கினால் வருவது, பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. எம்ஆர்பி 590 ரூபாய் என்றால் பில்லில் 500, வரி 90, மொத்தம் 590. சிலர் 590ஐயே அடிப்படை விலையாகப் போட்டு அதற்கு மேல் 18 சதவீதம் ஏற்றி 696 ரூபாய் 20 காசு வாங்கிவிடுவார்கள். பெட்டி கையில் இருந்தால் அந்த இடத்திலேயே பிடிக்கலாம், பெட்டியைக் காட்டச் சொன்னது அதற்காகத்தான். கூலிக்கு எம்ஆர்பி கிடையாது. அதற்கு மேல் வரி சேர்வது முறைதான்.

வரி விகிதத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் காரின் உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் 28 ஆக இருந்தது. இன்று வரும் பில்லில் மத்திய வரி 14, மாநில வரி 14 என்று இருந்தால் பழைய கணக்கிலேயே அடித்திருக்கிறார்கள், திருத்தச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண் எழுத்தும் எண்ணுமாக 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று தொடங்கும், புதுச்சேரிக்கு 34. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். பதிவே இல்லாத பட்டறையோ, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் மட்டும் வரி கட்டும் திட்டம்) உள்ள பட்டறையோ உங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அளவுகளைச் சரிபார்க்க வண்டியோடு வந்த கையேடு போதும். 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்துப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டருக்குள் ஆயில் பிடிக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். முழு கேனுக்குப் பணம் வாங்கினால் மிச்சம் உங்களுடையது, டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். முன் பிரேக் பேட் ஒரு செட் என்றால் இரண்டு சக்கரத்துக்குமான நான்கு பேட்கள். அளவு இரண்டு செட் என்று போட்டிருந்தால் இரட்டிப்பாகிவிட்டது. ஏசி கேஸ் பல சிறிய கார்களில் அரைக் கிலோவுக்குள்தான், பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். அதைவிட முக்கியம், ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்பிய பில் அடுத்த கோடையில் மறுபடியும் வரும். வீல் பேலன்சிங்கில் ஈய எடைக்குக் கிராம் கணக்கில் வாங்குவார்கள், அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னுமான அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டிரெய்ன் போல்ட் வாஷர் போன்ற சில்லறை வரிகளோடு சண்டை போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் அதை மாற்றுவதுதான் சரி.

பில் தொகையை ஏற்றிவிடுவது வேறொரு கூட்டம்: என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனர், என்ஜின் டிரஸ்ஸிங், ஏசி கிருமிநாசினி, எலி விரட்டி ஸ்பிரே, சைலன்சர் கோட்டிங், உள்ளலங்கார மெருகு. இவற்றில் பெரும்பாலானவை நிறுவனத்தின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாதவை. அட்வைசர்களுக்கு இவற்றை விற்க மாத இலக்கு இருக்கும், அதனால் அவர்மேல் கோபப்பட வேண்டாம். "கையேட்டில் இந்தக் கிலோமீட்டருக்கு என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்" என்று சொன்னால் போதும். இலவச சர்வீஸில் இலவசம் என்பது கூலிக்குத்தான், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. அந்த இடத்தில்தான் இந்த ஸ்பிரேக்கள் அதிகம் நுழைகின்றன.

இன்சூரன்ஸில் வண்டி விட்டால் கணக்கே வேறு. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி: ஆறு மாதம் வரை இல்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. பெயிண்டில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயிண்டிங் மொத்தமாக ஒரே தொகையாக வந்தால் அதில் கால் பங்குதான் பொருள் செலவு என்று கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிக்க வேண்டும். 8,000 ரூபாய் பெயிண்டிங் என்றால் பொருள் 2,000, உங்கள் பங்கு 1,000. மொத்தத்தில் பாதி 4,000 கட்டச் சொன்னால் கணக்கு தப்பு. இவற்றோடு கட்டாயக் கழிவாக 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்களுடையது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, டிங்கரிங் செய்து நேராக்க அவர் சொன்ன கதவுக்குப் பட்டறை புதுக் கதவு போட்டு வித்தியாசத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள்.

தெரிந்த மெக்கானிக்கிடம் விடுகிறவர்களுக்கு இத்தனை தாள் இருக்காது. அங்கே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கூலியைத் தனியாகப் பேசி, ஸ்பேர்ஸ் கடை பில்லை உங்கள் பெயரிலேயே வாங்கச் சொல்வது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், பாகம் கெட்டால் மாற்றித் தர அந்த பில்தான் வேண்டும். கூலியில் மட்டும் அடித்துப் பேசாதீர்கள். நல்ல மெக்கானிக்கின் கூலியைக் குறைத்தால் அவர் அந்தப் பணத்தைப் பாகத்தின் தரத்தில் எடுத்தாக வேண்டிவரும். வெளியே வேலை பார்த்தால் வாரண்டியே போய்விடும் என்று மிரட்டினால், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவை நினைவில் வையுங்கள். வெளியே செய்த தவறான வேலையால் கெட்ட பகுதிக்கு வாரண்டியை மறுக்கலாம், வெளியே காட்டினாலே மொத்த வாரண்டியும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது என்றது ஆணையம்.

ஒப்புதல் தராத வேலைக்கு பில் போட்டு, பணம் கட்டினால்தான் சாவி என்று நின்றால் சத்தம் போட்டுப் பயனில்லை. செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவில் இருக்கிறது. அது ஒப்புக்கொண்ட வேலைக்குத்தான் பொருந்தும் என்றாலும், கவுன்டரில் நின்று அதை வாதாடி ஜெயிக்க முடியாது. வண்டி அவசரம் என்றால் அவர்களிடம் இருக்கும் பில் நகலில் 'இன்ன இன்ன வரிகளை மறுத்து, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்துக்கொண்டு, யுபிஐ அல்லது கார்டில் கட்டுங்கள். அன்றே ஜாப் கார்டு, எஸ்டிமேட், வாட்ஸ்அப் உரையாடல், பில் நான்கையும் இணைத்து சர்வீஸ் மேனேஜருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திருத்திய பில் வந்துவிடும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எம்ஆர்பிக்கு மேல் வாங்கிய புகார் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போகும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.