11-க்கு 0: சூப்பர் பவுல் 59-க்கு முன் நான் போட்ட கணக்கு

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த 59-ஆவது சூப்பர் பவுலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான் போட்டுப் பார்த்த கணக்குகள், கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஏழு பக்கங்களுக்கு இருக்கின்றன. முதல் பக்கத்தின் மேலே "11–0" என்று எழுதி இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறேன். பந்தயம் கட்டுகிறவர்கள் ஓர் ஆட்டத்துக்கு முன் எந்த எண்களைப் பார்க்க வேண்டும், பார்த்த எண்ணை எப்படித் தவறாகப் படித்துவிட முடியும் என்ற இரண்டுக்குமே அந்த நோட்டு சாட்சியாக இருப்பதால், அதைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மோதியவை கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும். கைகளில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி அது. சீஃப்ஸ் அணி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றிருந்தது. தொடர்ந்து மூன்று சூப்பர் பவுல்களை எந்த அணியும் வென்றதில்லை என்பதால் ஊடகங்கள் முழுக்க அதே பேச்சாக இருந்தது. பந்தய நிறுவனங்கள் சீஃப்ஸ் 1.5 புள்ளி மேலான அணி என்று கோடு கிழித்திருந்தன. அதாவது, சீஃப்ஸ் மீது பணம் கட்டியவருக்கு அந்த அணி குறைந்தது 2 புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஈகிள்ஸ் மீது கட்டியவருக்கு அந்த அணி வென்றாலும் போதும், ஒரே ஒரு புள்ளியில் தோற்றாலும் போதும். இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளிகளுக்கான கோடு 48.5 அளவில் நின்றது; இது நிறுவனத்துக்கு நிறுவனம் அரைப் புள்ளி முன்பின் இருக்கும். ஆட்டம் பொது மைதானத்தில் நடந்ததால் சொந்த ஊர்ச் சாதகம் என்று எதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெற்றி தோல்வியை மட்டும் பார்த்தால் இந்தக் கோடு நியாயமானதாகவே தெரியும். 17 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான பருவத்தில் சீஃப்ஸ் 15 வென்று 2 தோற்றிருந்தது. ஈகிள்ஸ் 14 வென்று 3 தோற்றிருந்தது. ஆனால் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு வேறொரு படம் கிடைத்தது. சீஃப்ஸ் எடுத்தவை 385, கொடுத்தவை 326, மிச்சம் 59. ஈகிள்ஸ் எடுத்தவை 463, கொடுத்தவை 303, மிச்சம் 160. ஒரு வெற்றி குறைவாகப் பெற்ற அணி, நூறு புள்ளி அதிகமாகச் சேர்த்திருந்தது.

இந்த முரணுக்கான விடைதான் நான் வட்டமிட்ட 11–0. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் ஒரு டச் டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் கூடுதலாக அதிகபட்சம் 2 என்பதால், 8 புள்ளிக்குள் முடியும் ஆட்டத்தை ஒரே வீச்சில் சமன் செய்திருக்கலாம் என்று கருதி அதை நெருக்கமான ஆட்டம் என்று வகைப்படுத்துவார்கள். அந்தப் பருவத்தில் சீஃப்ஸ் அப்படிப்பட்ட 11 ஆட்டங்களில் ஆடி, பதினொன்றையும் வென்றது. பருவத்துக்குப் பிறகு பஃபலோ பில்ஸ் அணியை 32–29 என்று வென்றதையும் சேர்த்தால் 12.

அந்த வெற்றிகள் எப்படி வந்தன என்பதை இரண்டு, மூன்று ஆட்டங்களின் கடைசி நொடிகளிலேயே பார்த்துவிடலாம். நவம்பர் 10 அன்று டென்வர் பிராங்கோஸ் அணி 14–16 என்று பின்தங்கியிருந்த நிலையில் 35 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) உதைக்க நின்றது. இந்தத் தூரத்தை இந்த லீக்கின் உதைப்பாளர்கள் அபூர்வமாகவே தவறவிடுவார்கள். சீஃப்ஸின் லியோ செனால் தடுப்பு வரிசையைப் பிளந்துகொண்டு புகுந்து, உயர்த்திய கையால் பந்தைத் தட்டிவிட்டார். நவம்பர் 29 அன்று லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் 17–19 என்று பின்தங்கி, ஃபீல்ட் கோலுக்கு எட்டும் இடத்தில் நின்றபோது, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் அவர்களின் குவாட்டர்பேக் எதிர்பாராத கணத்தில் பந்து பின்னால் வந்து அவர்மீது மோதிக் கீழே விழ, சீஃப்ஸ் அதன்மேல் பாய்ந்தது. டிசம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்கு எதிராக நேரம் முடிகிற கணத்தில் மேத்யூ ரைட் உதைத்த பந்து இடப்பக்கக் கம்பத்தில் மோதி, உள்பக்கமாகத் திரும்பி விழுந்தது, 19–17. அந்தப் பந்து கம்பத்தில் ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் வெளியே போயிருக்கும். நாணயத்தைச் சுண்டினால் பதினொரு முறையும் தலையே விழுவதற்கான வாய்ப்பு 2048-இல் ஒன்று. சீஃப்ஸ் நாணயம் அல்ல. குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸும் பயிற்சியாளர் ஆண்டி ரீடும் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் பிறரைவிடச் சிறப்பாக ஆடும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் எதிரணி பந்தைக் கைதவறவிடுவதை எந்தத் திறமையின் கணக்கில் எழுதுவது?

இதற்கென்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய அதை, டேரில் மோரி இந்த ஆட்டத்துக்கேற்ப 2.37 என்ற அடுக்கு எண்ணோடு மாற்றியமைத்தார். எடுத்த புள்ளிகளை 2.37 அடுக்குக்கு உயர்த்தி, அதை, எடுத்ததும் கொடுத்ததும் அதே அடுக்குக்கு உயர்த்திக் கூட்டிய தொகையால் வகுத்தால், அந்த அணி பெற்றிருக்க வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். ஈகிள்ஸுக்கு இது ஏறக்குறைய 12.4 வெற்றி என்று வந்தது. சீஃப்ஸுக்கு வந்தது 10.2. பதினைந்து வெற்றி பெற்ற அணி, பத்து வெற்றிக்கான புள்ளிகளையே சேர்த்திருந்தது என்பது இதன் பொருள்.

இந்த இடத்தில் என்னை நானே மறுத்துப் பார்த்த இரண்டு குறிப்புகள் நோட்டில் உள்ளன. முதலாவது, சீஃப்ஸ் கடைசி வாரத்தில் டென்வரிடம் 0–38 என்று தோற்றது. முதலிடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டு ஆடிய ஆட்டம் அது. அதை நீக்கினால் 16 ஆட்டங்களில் மிச்சம் 97 புள்ளி ஆகிறது, சூத்திரம் 10.6 வெற்றி என்கிறது. நிலைமை கொஞ்சம் மேம்படுகிறதே தவிர மாறவில்லை. இரண்டாவது குறிப்பைப் பலரும் கவனிக்கவில்லை: ஈகிள்ஸும் நெருக்கமான ஆட்டங்களில் 8 வென்று 2 மட்டுமே தோற்றிருந்தது. அதிர்ஷ்டம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததாகச் சொல்வது நேர்மையல்ல. வேறுபாடு மற்ற ஆட்டங்களில்தான் இருந்தது. ஈகிள்ஸ் ஆறு ஆட்டங்களை 14 புள்ளி அல்லது அதற்கும் மேலான வித்தியாசத்தில் வென்றிருந்தது. சீஃப்ஸ் இரண்டை மட்டுமே அப்படி வென்றிருந்தது.

எண்கள் இவ்வளவு தெளிவாக இருந்தால் எல்லோரும் ஈகிள்ஸ் மீது கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போட்ட கணக்கை நிறுவனங்களும் போட்டிருந்தன என்பதே பதில். வெறும் 15 வெற்றிகளை நம்பியிருந்தால் கோடு 1.5-இல் நின்றிருக்காது, இந்த விளையாட்டில் மிக அதிகமாக நிகழும் வெற்றி வித்தியாசமான 3-ஐ ஒட்டியோ, அதைத் தாண்டியோ போயிருக்கும். அதோடு, ஒவ்வொரு பந்தயத்திலும் நிறுவனத்தின் தரகு கலந்திருக்கிறது. வழக்கமான விலை, 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டுவது. நூறு பந்தயம் கட்டி 52-இல் வென்றவர் தம்மைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு வரவு 5200, செலவு 48 தோல்விக்கு 5280, ஆக 80 டாலர் நட்டம். 53-இல் வென்றால்தான் 130 டாலர் கையில் நிற்கும். சரியாகச் சொன்னால் 52.38 விழுக்காடு வென்றால் முதலுக்கு முதல் தேறும். நான் வசிக்கும் நியூ ஜெர்சி மாநிலம் தொடுத்த வழக்கில்தான் 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான தடையை நீக்கியது. அன்றிலிருந்து கைப்பேசியிலேயே பந்தயம் கட்டும் எங்கள் ஊர்க்காரர்களில், இந்த 52.38-ஐ அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று அவ்வப்போது யோசிப்பேன். (சீஃப்ஸின் சொந்த மைதானம் இருக்கும் மிசூரி மாநிலத்தில் அந்தப் பிப்ரவரியில் பந்தயம் இன்னும் சட்டப்படி தொடங்கவில்லை. பணம் கட்ட விரும்பிய உள்ளூர் ரசிகர் எல்லை தாண்டிக் கன்சாஸ் மாநிலத்துக்குள் போக வேண்டியிருந்தது.)

நான் ஈகிள்ஸ் மீது 40 டாலர் கட்டினேன். அதோடு நின்றிருக்க வேண்டும். நோட்டின் ஐந்தாம் பக்கத்தில் ஈகிள்ஸின் ஓட்டக்காரர் சாக்வான் பார்க்லியின் எண்கள் இருக்கின்றன: 16 ஆட்டங்களில் 345 முறை பந்தை ஏந்தி 2005 யார்டு ஓடினார், அதன்பின் நடந்த மூன்று நாக் அவுட் ஆட்டங்களில் 119, 205, 118. அந்த வரிசையைப் பார்த்தபின் இறுதி ஆட்டத்தில் அவர் நூறு யார்டைத் தாண்டுவாரா என்ற கேள்வியே எனக்குத் தேவையற்றதாகத் தோன்றியது. அவருக்கென்று தனியாக வைத்திருந்த கோட்டுக்கு மேலே ஓடுவார் என்று இன்னொரு 40 டாலரையும் கட்டிவிட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்த ரீடும், தற்காப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பேக்னுவோலோவும் அதே 2005-ஐப் பார்த்திருப்பார்கள், அதைத் தடுப்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொள்வார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஆறாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "ஃபாங்கியோ பிளிட்ஸ் அனுப்புவது மிகக் குறைவு. மஹோம்ஸுக்கு நேரம் கிடைக்கும்." ஈகிள்ஸின் தற்காப்பை அந்தப் பருவத்தில் நடத்தியவர் விக் ஃபாங்கியோ. பிளிட்ஸ் என்பது, குவாட்டர்பேக்கை நெருக்குவதற்காக வழக்கமான நால்வருக்கு மேல் ஐந்தாவது, ஆறாவது ஆளையும் பாய அனுப்புவது. அவர் அதை அரிதாகவே செய்வார் என்ற முதல் வாக்கியம் சரி. நான் அதிலிருந்து எடுத்த முடிவுதான் தலைகீழ். மஹோம்ஸைக் காக்க வேண்டிய சீஃப்ஸின் இடப்பக்கத் தடுப்பாளர் இடத்தில் அந்தப் பருவம் முழுவதும் ஆள் நிலைக்கவில்லை. கடைசியில் உள்வரிசைக் காவலரான ஜோ தூனியையே அங்கே நகர்த்தியிருந்தார்கள். மஹோம்ஸோ பிளிட்ஸ் வந்தால் அது விட்டுவந்த வெற்றிடத்தில் பந்தை எறிந்து தண்டிப்பதில் பேர்போனவர். நால்வரே போதுமென்றால், மீதி ஏழு பேரும் பந்து பிடிப்பவர்களை மூடிக்கொண்டு நிற்கலாம். எறிய இடமே இருக்காது. பிளிட்ஸ் பற்றியதும் தூனி பற்றியதுமான இரண்டு குறிப்புகளும் ஒரே பக்கத்தில், நான்கு வரி இடைவெளியில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. சேர்த்துப் படிக்கத் தவறிவிட்டேன்.

ஆட்டத்தில் ஃபாங்கியோ ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். அதில் இரண்டரை ஜாஷ் ஸ்வெட்டுக்கு. முதல் பாதி முழுவதிலும் சீஃப்ஸ் நகர்ந்தது 23 யார்டு. ஈகிள்ஸின் கூப்பர் டிஜீன் தம் 22-ஆவது பிறந்த நாளில் மஹோம்ஸின் பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். இடைவேளையில் 24–0. பருவம் முழுவதும் நெருக்கமான ஆட்டங்களாகவே வென்றுவந்த அணிக்கு, அந்த ஆட்டத்தை நெருக்கமாக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. பார்க்லி 25 முறை ஏந்தி 57 யார்டு மட்டுமே ஓடினார். பருவமும் நாக் அவுட்டும் சேர்ந்த மொத்தத்தில் டெரல் டேவிஸின் 2476 யார்டு சாதனையைக் கடந்து 2504-இல் முடிக்க அது போதுமாயிருந்தது. என் பந்தயத்துக்குப் போதவில்லை. அவரை அடைக்க ஆட்கள் குவிந்ததால் திறந்த வெளியை ஈகிள்ஸின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் எடுத்துக்கொண்டார்: 22 எறிதலில் 17 சரியாகச் சேர, 221 யார்டு, தாமே ஓடியதில் 72 யார்டு, சூப்பர் பவுலில் குவாட்டர்பேக் ஒருவர் ஓடியதில் அதுவே சாதனை. புள்ளிக் கணக்கு சொன்ன அணியே வென்றது. நான் நினைத்த வழியில் அல்ல. ஒரு பந்தயத்தில் வந்தது இன்னொன்றில் போயிற்று.

மொத்தப் புள்ளிகளைப் பற்றி நான் எதுவும் கட்டவில்லை. தெருமுனை நண்பர் கட்டியிருந்தார். இரு தற்காப்புகளும் வலுவானவை என்பதால் 48.5-க்குக் கீழேதான் முடியும் என்பது அவருடைய வாதம், அதில் பிழையும் இல்லை. நான்காம் கால்பகுதியில் ஈகிள்ஸ் 40–6 என்று முன்னிலை பெற்றது. மொத்தம் 46. ஆட்டம் செத்துவிட்டது. நண்பர் தொலைபேசியில் என்னை அழைத்து, "பார்த்தீங்களா, சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தார். ஏறக்குறைய மூன்று நிமிடம் மீதியிருக்கையில் மஹோம்ஸ் ஒரு டச் டவுன் எறிந்தார். கூடுதல் இரண்டு புள்ளிக்கும் முயன்று எடுத்தார்கள். 40–14. மொத்தம் 54. தோற்றுப்போன ஓர் அணி, யாருக்கும் தேவைப்படாத எட்டுப் புள்ளியை எடுத்ததை நாங்கள் இருவரும் தொலைபேசியின் இரு முனைகளிலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் 50 யார்டு எறிதலில் இன்னும் எட்டு சேர்ந்து 40–22 என்று முடிந்தபோது, இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.