163 நிமிஷ ஆரஞ்சுப் புழுதி

'பிளேட் ரன்னர் 2049' பார்த்து முடிச்சாச்சு. பிடிச்சிருக்கான்னு கேட்டா சட்டுனு பதில் வரல.

ஒளிப்பதிவைக் குறை சொல்லப் பேச்சே இல்ல. 13 முறை ஆஸ்கர் பரிந்துரைக்குப் போய் வெறுங்கையோட திரும்பின ரோஜர் டீக்கின்ஸ், 14ஆவது முறை இந்தப் படத்துக்குத்தான் வாங்கினார். பாழடைஞ்ச லாஸ் வேகஸ், ஆரஞ்சுப் புழுதிக்குள்ள ராட்சதச் சிலைகள், நடுவுல எறும்பா நடந்து போற ரயன் காஸ்லிங்! வில்லன் வாலஸோட ஆபீஸ் சுவர்ல தண்ணியோட வெளிச்சம் அலையுற காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

ஆனா 163 நிமிஷம் சாமி! காஸ்லிங் ஒரு கதவைத் திறந்து உள்ள போறதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவிடலாம். வாலஸா வர்ற ஜாரெட் லெட்டோ வேற, பேசறாரா மந்திரம் ஓதறாரான்னே தெரியல. அவர் வர்ற இடத்துல தாராளமா கத்திரி போட்டிருக்கலாம்.

அதுக்காக மெதுவா போறது எல்லாமே வீண்னும் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கம், பாலத்துல ஹீரோவோட ஹாலோகிராம் காதலி ஜோயோட பிரம்மாண்ட விளம்பர உருவம் குனிஞ்சு அவன்கிட்ட பேசுற இடம்... அதை அவசரமா வெட்டியிருந்தா ஒண்ணுமே ஏறியிருக்காது.

2017ல யாராவது தியேட்டர்ல பார்த்தீங்களா? ஹான்ஸ் ஸிம்மர் இசையோட சத்தத்துல சீட்டு அதிர்ந்துச்சா, இல்ல அப்பவும் தூக்கம்தானா?