லக்சர்: மூன்று கல்லறையும் ஒரு பகலும்

நவம்பர் 8

எகிப்தின் லக்சரில் நாளை முதல் தினமும் ஒரு நாள் சுற்று ஆரம்பம். இங்கே விற்கும் பல ஒரு நாள் சுற்றுகள் காலையில் கர்னாக் கோயிலைக் காட்டிவிட்டு, உச்சி வெயிலில் நைலின் மேற்குக் கரைக்கு, அரசர் கல்லறைகள் இருக்கும் பக்கத்துக்குக் கூட்டிப் போகின்றன. விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருப்பதால் ஓட்டுநருக்கு அது வசதி. பார்க்க வந்தவருக்கு நஷ்டம். மலைப் பள்ளத்தாக்கில் நிழல் கிடையாது, சுண்ணாம்புப் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும். அதனால் நம் வரிசை தலைகீழ்: விடியலில் கல்லறைகள், முற்பகலில் அரசி ஹட்செப்சுட்டின் கோயில், மதிய உணவுக்கு முன் மெதினெத் ஹாபு கோயில், வெயில் சாய்ந்த பிறகு கர்னாக், இருட்டியதும் லக்சர் கோயில்.

கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கும். வண்டி நகருக்குத் தெற்கே உள்ள பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், ஆகவே 5 மணிக்குக் கிளம்பினால் சரி. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, வங்கி அட்டை (கவுண்டரில் பெரும்பாலும் ரொக்கம் வாங்குவதில்லை), சில்லறையாக 10, 20 பவுண்டு நோட்டுகள். கூரை ஓவியங்களுக்குச் சிறிய பைனாகுலர் இருந்தால் நல்லது.

நவம்பர் 9

பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஐந்தாம்-ஆறாம் ராம்செஸ் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. வாசலுக்கு அருகில் இருக்கும் மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பலரும் செய்வது. அந்த மூன்றும் ஒரே காலத்தவையாக இருந்துவிட்டால், ஒன்றையே மூன்று முறை பார்த்த கணக்கு. வேறு வேறு தலைமுறைக் கல்லறைகளாகத் தேர்ந்தெடுத்தால்தான், ஒளித்து வைக்கத் தோண்டிய குழி எப்படிப் பார்வைக்கு வைத்த மாளிகையாக மாறியது என்பது புரியும்.

முதலில் மூன்றாம் துட்மோஸ், கே.வி. 34 (கே.வி. என்பது அரசர்களின் பள்ளத்தாக்கின் ஆங்கிலச் சுருக்கம், எண் கல்லறையின் எண்). பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், பாறைப் பிளவுக்குள் உயரத்தில் இருக்கிறது. இரும்புப் படிகளில் ஏறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில் முடித்துவிட வேண்டிய இடம் இது. முழங்கால் வலி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். உள்ளே பாதை திரும்புகிறது, நடுவே ஆழமான கிணறு. முன்னறையில் 741 தெய்வங்களின் பட்டியல். அடக்க அறை மூலைகள் இல்லாமல், அரசன் பெயரைச் சூழும் கார்ட்டூஷ் வளையம் போல நீள்வட்டமாக இருக்கும். சுவரில் கோட்டுருவங்கள்தான்: விரித்துவைத்த பாப்பிரஸ் சுருள் போன்ற வெளிர் மஞ்சள் பின்னணியில், இரவின் 12 மணி நேரங்களில் சூரியன் போகும் பயணம். வண்ணக் களஞ்சியத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு இதுதான் பள்ளத்தாக்கின் சிறந்த அறை.

அடுத்து மூன்றாம் ராம்செஸ், கே.வி. 11, திறந்திருக்கும் நாளானால். பாதி வழியில் நடை சட்டென்று விலகுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதைத் தோண்டத் தொடங்கியது அவன் தந்தை செத்நக்த். தோண்டியவர்கள் பக்கத்தில் இருந்த அமென்மெஸ்ஸின் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள், வேலை நின்றது. மகன் அதே குடைவை எடுத்துக்கொண்டு அச்சை மட்டும் தள்ளித் தொடர்ந்தான்.

கடைசியாக நான்காம் ராம்செஸ், கே.வி. 2, வாசல் பக்கம். அகலமான, நேரான, லேசான சரிவு, வயதானவர்களுக்கும் சுலபம். அரசன் ஆட்சிக்கு வந்து ஆறு ஆண்டு அளவில் இறந்துவிட்டதால், தூண் மண்டபத்துக்குக் குறித்திருந்த இடத்தையே அடக்க அறையாக்கினார்கள். இந்தக் கல்லறையின் அளவுகள் எழுதிய பழைய வரைபடமே பாப்பிரஸில் கிடைத்து, இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தனிச் சீட்டு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐந்தாம்-ஆறாம் ராம்செஸின் கே.வி. 9: கூரையில் வானதேவி நூத் இரட்டையாக நீண்டு கிடக்கிறாள். துட்டன்காமுனின் கல்லறை சிறியது, ஓவியம் அடக்க அறையில் மட்டும். மம்மி அங்கேயே இருக்கிறது, பொருள்கள் இல்லை. கே.வி. 9 தோண்டிய தொழிலாளிகளின் குடிசைகள் துட்டன்காமுன் கல்லறை வாசலுக்கு மேலேயே எழும்பியதால்தான் 1922 நவம்பர் 4 வரை அதன் படிக்கட்டு கண்ணில் படவில்லை.

வழிகாட்டி கல்லறைக்குள் விளக்கம் சொல்லக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் வெளியே, படத்தை வைத்து முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே காவலர் யாராவது கயிற்றைத் தாண்டி அழைத்தால் போகாதீர்கள். அது பக்ஷீஷுக்கான (இனாம் காசுக்கான) அழைப்பு. சுவரில் தோள் உரசுவதும் மூச்சின் ஈரமும்தான் உப்பைக் கிளப்பி வண்ணத்தை உதிர்க்கின்றன. கூட்டம் நெருக்கினால் வெளியே நின்று காத்திருப்பதே மேல்.

நவம்பர் 10

இன்றும் அதே வழி. ஹட்செப்சுட் கோயிலில் எல்லாரும் நேரே மேல் தளத்துக்கு ஏறுகிறார்கள். விஷயம் நடுத் தளத்தில் இருக்கிறது. இடப் பக்கத் தூண் வரிசையில் புன்ட் நாட்டுப் பயணம்: கூடையில் வேரோடு பெயர்த்த நறும்பிசின் மரங்கள், கப்பலுக்கு அடியில் செங்கடல் மீன்கள். வலப் பக்கம் அரசியின் தெய்வப் பிறப்புக் கதை. அரசியின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் பல முறை வெறும் உளித் தழும்புதான் இருக்கும். அவள் இறந்து பல ஆண்டுகள் கழித்து மூன்றாம் துட்மோஸ் காலத்தில் நடந்த வேலை.

இங்கே தமிழ்க் குழுக்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: புன்ட் என்பது நம் பக்கமா? இல்லை, செங்கடலின் தென்கோடிப் பகுதி. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் எகிப்தில் கிடைத்தது உண்மை, ஆனால் அவை செங்கடல் கரையின் குசைர் அல் கதீம், பெரனிகே துறைமுகங்களில், ரோமர் காலத்தவை. நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

மேற்குக் கரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரும் சிலைகளான மெம்னன் சிலைகளுக்குப் பத்து நிமிடம் போதும். மிச்சமாகும் நேரத்தை மெதினெத் ஹாபுவுக்குக் கொடுங்கள். பல சுற்றுகள் இதை விட்டுவிட்டு அலபாஸ்டர் கடையில் முக்கால் மணி நேரத்தைக் கரைக்கின்றன. மூன்றாம் ராம்செஸின் கோயில் இது. வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சி முற்றத்துச் சுவரில் இருக்கிறது. எழுத்துகள் விரல் நுழையும் ஆழம். பின்னால் வருகிறவன் அழித்துத் தன் பெயரைப் பொறிக்காமல் இருக்க என்பது வழக்கமான விளக்கம். இந்த அரசனின் 29ஆம் ஆண்டில்தான் கல்லறைத் தொழிலாளிகள், தானியக் கூலி வராததால், வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள்.

நவம்பர் 11

கர்னாக்குக்கு மூன்று மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். நவம்பரில் ஐந்து மணிக்குச் சூரியன் போய்விடும். தூண் மண்டபத்தில் 134 தூண்கள், நடு வரிசைகளின் 12 மட்டும் சுமார் 21 மீட்டர். எண்ணிக்கை சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. வடபாதிச் சுவர்களைத் தென்பாதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வடக்கே முதலாம் சேத்தியின் வேலை, பின்னணியைச் செதுக்கி உருவம் மேலெழும் நுண்மையான புடைப்பு. தெற்கே பெரும்பாலும் மகன் இரண்டாம் ராம்செஸின் வேலை, கோட்டைக் குழித்து உருவத்தை உள்ளே இறக்கியது. சீக்கிரம் முடியும், அழிப்பதும் கடினம். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

முதல் பைலானின் (வாசலின் இருபுறமும் எழும் பெரும் சுவர்க் கோபுரம்) உட்புறம், முற்றத்தில் ஒரு செங்கல் மேடு ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பை என்று கடந்துவிடுவார்கள். பைலான் முடிக்கப்படாமல் நின்றதால் அகற்றப்படாத சுடாத செங்கல் சாய்தளம் அது; கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பதற்குக் கையில் தொடக்கூடிய சான்று.

கர்னாக்கையும் லக்சர் கோயிலையும் இணைக்கும் ஸ்ஃபிங்க்ஸ் வீதி 2.7 கிலோமீட்டர், 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. காலையிலிருந்து நடந்தவர்களை அதில் நடக்கவிட வேண்டாம், வண்டியிலேயே போய் லக்சர் கோயில் முனையில் நூறு மீட்டர் பார்த்தால் போதும். கோயில் இரவிலும் திறந்திருக்கும். விளக்கைக் கீழிருந்து போடுவதால் முன்வாசலில் இரண்டாம் ராம்செஸ் ஹிட்டைட்டுகளோடு மோதிய கதேஷ் போரின் சிற்பம் பகலைவிட இப்போது நன்றாகத் தெரிகிறது.