வரிக்கு முன்னால் நின்ற ழகரம்

நான்கு பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்த ஒரு பயிற்சிக் கையேட்டை ஒரே வேர்ட் கோப்பாகச் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் 62 பக்கம். பிழை திருத்தமும் தலைப்புகளும் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. வரிக்கு வரி முன்னால் புள்ளி நிற்கும் புல்லட் பட்டியல்கள்தான் இழுத்துக்கொண்டே போயின. ஒரு பக்கத்தில் புள்ளிகள் ஓரத்தை ஒட்டி நின்றன, அடுத்த பக்கத்தில் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி நின்றன. சில இடங்களில் இரண்டாவது வரி புள்ளிக்கு நேர் கீழே வந்து விழுந்தது. ஒரு பட்டியலில் ஒரே ஒரு புள்ளி மட்டும் பெரிதாக, சிவப்பாக இருந்தது. இன்னொரு அத்தியாயத்திலோ உட்பிரிவு வரிகளுக்கு முன்னால் புள்ளிக்குப் பதில் 'ழ' இருந்தது. வரிக்கு வரி, ழ.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மேலே உள்ள ரூலரைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு பட்டியலாக நேராக்கினேன். பத்தாம் பக்கத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் ஏழாம் பக்கம் நகர்ந்திருந்தது. ஒரு மதியம் முழுக்க இப்படியே போனது. காரணம் பிறகுதான் புரிந்தது. பார்வைக்குத் தனித்தனிப் பட்டியல்களாக இருந்தாலும், ஒன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை உள்ளே ஒரே பட்டியல் வரையறையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த வரையறை மாறினால் அதைச் சேர்ந்தவை எல்லாம் சேர்ந்தே நகரும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, ஹோம் தாவலில் இருக்கும் பத்திக்குறிப் பொத்தானை அழுத்தினேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே வரும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு குறி, டேப் அழுத்திய இடங்களில் சிறு அம்பு, இடைவெளிகளில் சிறு புள்ளி எல்லாம் தெரிந்தன. பாதிச் சிக்கல் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. வேர்ட் தானாக இடும் புல்லட் ஓர் எழுத்தல்ல, பத்தியின் குணம். அதைத் தனியாகத் தேர்ந்தெடுத்து அழிக்க முடியாது. கர்சரும் அதன் மேல் நிற்காது. அதன் நிறமும் அளவும் பத்தி முடிவில் நிற்கும் குறியைப் பார்த்து வருகின்றன. அந்தச் சிவப்புப் புள்ளி அப்படி வந்ததுதான்: யாரோ அந்த வரியின் கடைசிச் சொல்லைச் சிவப்பாக்கியபோது பத்திக்குறியும் கூடவே சிவந்துவிட்டது. குறியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும் அழுத்தினேன். புள்ளி உடனே பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் அந்த ழகரம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. அதனால் வரியின் முதலில் ழ நின்றால் அது வேறெங்கிருந்தோ வந்த எழுத்துதான். எழுதியவரிடம் கேட்டேன். "நான் பாமினியில அடிச்சு, கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திக் குடுத்தேங்க" என்றார். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. விடை கிடைத்துவிட்டது. வேர்டில் இரண்டாம் நிலைப் புல்லட்டாக வழக்கமாக வரும் வெற்று வட்டம், உண்மையில் கூரியர் நியூ எழுத்துருவில் உள்ள ஆங்கிலச் சிறிய ஓ. பட்டியலை வெறும் உரையாக நகலெடுக்கும்போது அது நிஜமான ஓ எழுத்தாகவும் ஒரு டேப்பாகவும் வந்துவிடுகிறது. பாமினி விசைமுறையில் அதே ஓ எழுத்துதான் ழ. கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அதற்கு அது புல்லட் என்று தெரிய வழியில்லை.

அந்த அத்தியாயத்தில் இப்படி எண்பதுக்கு மேல் இருந்தன. ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் ழ அடித்து, ஸ்பெஷல் பொத்தானில் டேப் கேரக்டரைச் சேர்த்தேன். சொல்லின் நடுவிலோ முடிவிலோ வரும் ழ மாட்டாமல் இருக்க அந்த டேப்தான் காவல். இதை இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மட்டில் லிஸ்ட் புல்லட் 2 என்ற ஸ்டைலை (பெயர் வைத்துச் சேமித்த வடிவமைப்பு) மட்டும் தேர்ந்தெடுத்து ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால், எழுத்து அப்படியே இருக்கும், பத்தி மட்டும் புல்லட்டாகும். பிறகு நோ ஃபார்மட்டிங் அழுத்தி ஸ்டைலை நீக்கிவிட்டு, அதே தேடலைக் காலியான மாற்றுடன் மறுபடி ஓட்டினால் ழவும் டேப்பும் போய்விடும். வரிசையை மாற்றி முதலில் அழித்துவிட்டால், எந்த வரிகள் பட்டியலைச் சேர்ந்தவை என்று அடையாளம் காண வழியிருக்காது. கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதைத் தொட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மீதி அத்தியாயங்களுக்கு ஒரே வழிதான். பட்டியல் வரிகளைத் தேர்ந்தெடுத்து லிஸ்ட் புல்லட் ஸ்டைல் கொடுத்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் அதற்கான குறுக்குவழி. பிறகு கண்ட்ரோல் கியூ அழுத்தினேன். ரூலரால் இழுத்தது, கையால் கொடுத்த இடைவெளி என்று பத்தியின் மேல் ஒட்டியிருந்ததையெல்லாம் அது உதிர்த்துவிடும். சில வரிகளுக்கிடையே மட்டும் இடைவெளி அதிகமாக இருந்ததும் இதோடு தீர்ந்தது. ஒரே ஸ்டைலில் உள்ள பத்திகளுக்கிடையே இடைவெளி விடாதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பட்டியலில் ஒரு வரி நார்மல் ஸ்டைலிலும் அடுத்த வரி லிஸ்ட் பாராகிராஃப் ஸ்டைலிலும் இருந்தால் அந்த அமைப்பு வேலை செய்யாது.

உள்தள்ளலைப் பத்தி அமைப்பிலும் பட்டியல் அமைப்பிலும் மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள். நான் மல்டிலெவல் லிஸ்ட் பொத்தானில் புதிய பட்டியல் ஒன்றை வரையறுத்து, மோர் பொத்தானை அழுத்தி, முதல் நிலையை லிஸ்ட் புல்லட்டோடும் இரண்டாம் நிலையை லிஸ்ட் புல்லட் 2-ஓடும் இணைத்தேன். புள்ளி 0.63 செ.மீ., உரை 1.27 செ.மீ. என்று அங்கேயே கொடுத்தேன். இரண்டாவது வரி புள்ளிக்குக் கீழே விழுவது அதோடு நின்றது.

அனுப்புவதற்கு முந்தைய மாலை, உட்பிரிவுகளுக்கு வட்டம் வேண்டாம், சிறு கோடு போடலாமே என்று கேட்டார்கள். பட்டியல் வரையறையில் ஒரே இடத்தில் மாற்றினேன். 62 பக்கமும் மாறின, நாற்பத்தோராம் பக்கத்தில் நான்கு வரிகளைத் தவிர. பத்திக்குறிகளைக் காட்டிப் பார்த்தேன். அந்த நான்கும் ஷிஃப்ட் எண்டர் அடித்துப் பிரித்த வரிகள். வெவ்வேறு பத்திகள் அல்ல, ஒரே பத்தி. முன்னால் இருந்த வட்டங்களைத் தனித்தனியாக யாரோ தட்டியிருந்தார்கள். வட்டங்களை அழித்து, ஷிஃப்ட் எண்டரைக் காட்டும் வளைந்த அம்புக்குறி இருந்த இடங்களில் வெறும் எண்டர் அடித்து, ஸ்டைல் கொடுத்தேன். நான்கு வரிகளுக்கும் கோடு வந்தது. கோப்பை அனுப்பிவிட்டேன்.