அக்ரிலிக் ஜெல்: தண்ணீர் போக வழி விடுங்கள்

ஜெல் ஏன் பால் மாதிரி வெளுத்தே கிடக்கிறது, ஒட்டிய தாள் ஏன் கொப்புளித்தது, நாலு நாள் ஆகியும் விரலால் அழுத்தினால் ஏன் குழிகிறது? பெயிண்ட், காகிதம் என்று பலதையும் சேர்த்துப் படம் செய்யும் மிக்ஸட் மீடியாவில் இறங்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்விகள் வரும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது.

அக்ரிலிக் பெயிண்ட் என்பது நிறமித் தூளும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அக்ரிலிக் பிசின் துகள்களும் சேர்ந்தது. தண்ணீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி ஒரே படலமாக இறுகும். ஜெல்லும் அதே பிசின்தான். நிறமி இல்லாமல் கெட்டியாக்கியது. ஈரத்தில் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி போலத் தெளியும். கலக்கும்போது வெளிறித் தெரிந்த நிறம் காய்ந்ததும் ஒரு படி கருப்பது இதனால்தான். டப்பாவில் தெரியும் நிறத்தை நம்பி வேலையில் இறங்காதீர்கள். ஒரு துண்டுத் தாளில் மெல்லிசாக இழுத்து, காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஒரு டப்பா மட்டும் வாங்குவதென்றால் சாஃப்ட் ஜெல், க்ளாஸ் (பளபளப்பு) வகை. மேட் ஜெல்லில் பளபளப்பைக் கொல்வதற்கென்றே நுண்தூள் கலந்திருப்பார்கள். அடர்ந்த நிறங்களின் மேல் அதை நாலு அடுக்கு பூசினால் படம் முழுக்க மூடுபனி படிந்துவிடும். எல்லா அடுக்கையும் க்ளாஸில் முடித்து, கடைசிப் பூச்சை மட்டும் மேட்டாகக் கொடுத்தாலே போதும். பிவிஏ வகை வெள்ளைப் பசையை ஜெல்லுக்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. அது காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி வெளுத்து இளகும், அதனால் கீழே சொல்லும் டிரான்ஸ்ஃபருக்கு உதவாது.

என்னைக் கேட்டால், ஜெல்லின் குணத்தை முழுதாகப் புரியவைப்பது படத்தைத் தாளிலிருந்து பலகைக்கு மாற்றும் இந்த டிரான்ஸ்ஃபர் வேலைதான். லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கலைந்து ஓடிவிடும். சாதாரண 75 அல்லது 80 ஜிஎஸ்எம் தாள் போதும். போட்டோ பேப்பர் உரிந்து வராது. படத்தில் எழுத்து இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி பிரிண்ட் எடுக்க வேண்டும். டோனரில், அதாவது லேசர் பிரிண்டரின் மைத்தூளில், வெள்ளை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தாளில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் பலகையின் நிறம்தான் தெரியும். அதனால் அடியில் வெளிர் நிறம் இருப்பது நல்லது.

பலகையில் ஜெல்லைச் சீராகப் பூசுங்கள். குறைந்தால் அங்கங்கே வழுக்கை விழும், கூடினால் தாள் வழுக்கிப் படம் நகரும். பிரிண்டை முகம் கவிழ்த்து ஒரு ஓரத்திலிருந்து இறக்கி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழியுங்கள். ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். தாளின் முதுகில் ஒரு தீற்றல் ஜெல் காய்ந்தாலும், அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, தாளும் ஊறாது. பலர் படம் கெட்டதற்குப் பிரிண்டைக் குறை சொல்வார்கள். தப்பு பெரும்பாலும் இந்தத் துடைக்காத ஜெல்லில் இருக்கும்.

ஒரு இரவு முழுக்கக் காயட்டும், மழைக்காலமென்றால் இரண்டு நாள். பிறகு ஸ்பாஞ்சால் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் தாள் சாம்பல் நிறமாகி, அடியில் படம் தெரிய ஆரம்பிக்கும். விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் நார் திரிதிரியாக உருண்டு வரும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்காதீர்கள். நனைந்த ஜெல் இளகியிருக்கும், அழுத்தினால் டோனரும் கையோடு வந்துவிடும். நிறுத்திக் காயவிடுங்கள். மிச்சமிருக்கும் நார் வெள்ளைப் படலமாகத் தெரியும், மறுபடி நனைத்துத் தேய்க்கலாம். மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் ஒரு மெல்லிய வெளுப்பு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. மேலே மெல்லிசாக க்ளாஸ் ஜெல் பூசினால் அந்த நார் ஊறித் தெளிந்து மறைந்துவிடும்.

காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜுக்கும் இதே கணக்கு. ஒட்டும் இரண்டு பரப்புகளில் ஒன்றாவது தண்ணீரை உறிஞ்ச வேண்டும். லேமினேட் செய்த கல்யாணப் பத்திரிகையை, ஏற்கெனவே நாலு கோட் அக்ரிலிக் அடித்த பலகையில் ஒட்டினால் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. வாரக்கணக்கில் அடியில் வெள்ளையாகவே கிடக்கும். அந்த மாதிரி அட்டையைப் பெயிண்ட் படாத பலகையில் நேரடியாக ஒட்டுங்கள். கையால் செய்த கனமான காகிதம் ஈரத்தில் விரியும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் சுருளும், ஒட்டியபின் விரிந்தால் கொப்புளிக்கும். முன்கூட்டியே இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டு ஒட்டினால் படிந்து உட்காரும். செய்தித்தாளின் பழுப்பை மட்டும் எந்த ஜெல்லும் தடுக்காது. நல்ல தாளில் அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதே மேல்.

கெட்டியாக ஜெல் போட ஆசையிருந்தால் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போடுங்கள். ஒன்று முழுக்கத் தெளிந்த பிறகுதான் அடுத்தது. அரை சென்டிமீட்டரை ஒரே தடவையில் அப்பினால் மேல் தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஹேர் டிரையர் இங்கே எதிரி. தோலை இன்னும் வேகமாக மூடவைத்து விரிசல் விட வைக்கும். மெல்லிய பூச்சுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

காயும்போது தானாகவே வெடிக்கும் க்ராக்கிள் பேஸ்ட் விஷயம் நேர் எதிர், அங்கே விரிசல்தான் நமக்கு வேண்டும். மெல்லிசாகப் போட்டால் நுண்ணிய கோடுகள், கனமாகப் போட்டால் அகன்ற வெடிப்புகள். கேன்வாஸ் துணியில் போடாதீர்கள். துணி அசையும்போது சில்லு சில்லாக உதிரும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் வேண்டும். வெடிப்பு முழுக்கக் காய்ந்தபின் தண்ணீராகக் கரைத்த பழுப்பு நிறத்தை மேலே ஓடவிட்டு உடனே துடைத்தால் கோடுகளில் மட்டும் நிறம் தங்கும்.

பலகையைப் பற்றியும் ஒன்று. மரம், எம்டிஎஃப், துணி எல்லாவற்றிலும் தண்ணீரில் கரையும் அழுக்கு உண்டு. ஜெல் காயும்போது அது மேலே ஏறி, தெளிவான பரப்பில் மஞ்சள் கறையாக நிற்கும். ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு தனியாக இதைத் தடுக்காது. ஜெஸ்ஸோவுக்கு முன், ஜெல்லின் நீர்த்த வடிவமான க்ளாஸ் மீடியம் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அப்படி அடைத்த பலகையின் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும் என்பதால், அதில் உறிஞ்சும் காகிதங்களை மட்டும் ஒட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் வார்னிஷுக்கு முன்னால் ஒரு காப்புப் பூச்சு தேவை. இரண்டு பங்கு சாஃப்ட் ஜெல் க்ளாஸுக்கு ஒரு பங்கு தண்ணீர். குலுக்காமல் மெதுவாகக் கலக்கி ஒரு இரவு வைத்தால் குமிழ் அடங்கும். அகலமான மெல்லிய பிரஷால் ஒரே திசையில் ஒரு தடவை, திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது. பின்னாளில் வார்னிஷைக் கழற்ற நேர்ந்தால் படத்தைக் காப்பது இந்தப் பூச்சுதான்.

அடுக்கி வைக்கும்போது கவனம் தேவை. அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும். சென்னை மே மாதத்தில் இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போய்விடும். பபிள் ராப் நேரடியாகப் பட்டால் அதன் வட்டங்கள் பதியும். நடுவில் சிலிகான் பூசிய பேக்கிங் தாள் வைத்து, படங்களை நிமிர்த்தி நிறுத்துங்கள்; ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் பாரம் கூடி அந்தத் தாளும் அழுந்திவிடும்.