ஓ.பி. சீட்டில் இருந்த அந்த ஒரு வரி

2023 ஜூன் மாதம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையின் பவர் பிரஸ்ஸில் என் வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. விரல் போனதைவிட, அதற்குரிய பணத்துக்காக அதன் பிறகு ஐந்து மாதங்கள் அலைந்ததுதான் இன்றும் மனத்தில் ஆறாமல் இருக்கிறது. அதற்குக் காரணம், அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் போட்ட ஓ.பி. சீட்டில் இருந்த ஒரு வரி.

கையில் சுற்றிய பனியன் வேஸ்ட்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் விவரம் சொன்னவர் சூப்பர்வைசர். "வீட்டு இரும்பு கேட்டுல விரல் மாட்டிக்கிச்சு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "போலீஸ் கேஸ் ஆயிடும் தம்பி, செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். வலியில் நான் மறுத்துப் பேசவில்லை. கம்பெனி அன்றைய கட்டணத்தைக் கட்டியதோடு சரி.

அந்த வரியின் விலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதற்கும் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். வீட்டில் அடிபட்டது என்றால் அது வெறும் நோய்விடுப்பு. அதற்கு 70 விழுக்காடுதான், அதுவும் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். எனக்கு அத்தனை நாள்கள் இல்லை. ஆகவே அந்த ஒரு வரியால் எனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போயிருக்கும்.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சீட்டைப் பார்த்த எழுத்தர், விபத்து அறிக்கையான படிவம் 12 கம்பெனியிலிருந்து வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கம்பெனியில் கேட்டால், சீட்டிலேயே வீடு என்றுதானே இருக்கிறது என்றார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு, கட்டுப்போட்ட கையோடு, தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போனேன். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அங்கே கோர முடியாது என்று பொறுமையாக விளக்கினார்கள். அன்றைய நாள் வீண். நீங்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறீர்களா என்பதைச் சம்பளச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே எங்கும் கிளம்புங்கள்.

வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும், ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவர். விபத்து நடந்த நேரம், இயந்திரம், பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதி, கம்பெனிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பச் சொன்னார். நகலைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து முத்திரை வாங்கச் சொன்னார். உடன் வேலை செய்த இருவர், வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் என்றாலும், சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியதும் அதே சீட்டுதான். அதில் நேரம் காலை 9.50 என்று பதிவாகியிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி கம்பெனியின் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்: 6 மணிக்கு நான் விரல் வைத்து உள்ளே போன பதிவு இருந்தது, வெளியேறிய பதிவு இல்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் எப்படி இருந்திருக்க முடியும்? அடுத்த வாரமே படிவம் 12 வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஓர் இழப்பு. இரண்டு மருத்துவச் சான்றுகளுக்கு நடுவே 11 நாள்கள் விடுபட்டிருந்ததால், அந்த நாள்களுக்குப் பணம் வரவில்லை. முந்தைய சான்று முடியும் நாளிலேயே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் அடுத்ததை வாங்கிவிடுங்கள். அசலை யாரிடமும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, மருத்துவமனையில் கேட்பவரிடம் காயத்தின் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவரை வரவழைத்துச் சொல்லவையுங்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

ஊனத்தின் அளவை மதிப்பிடும் மருத்துவ வாரியத்தின் முன் பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரலின் ஒரு கணுவுக்கு உள்ளபடியே 9 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று எழுதினார்கள். அதற்கான மாதத் தொகை இப்போது வங்கிக் கணக்கில் ஏறுகிறது. தனியார் மருத்துவமனையில் என் கையிலிருந்து கட்டிய பணத்துக்கான மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.